அசையாமல் கிடப்பவரின் மனைவி

"மூக்கு அரிச்சா?"

"விட்டுடணும்."

"எறும்பு ஏறினா?"

"ஏறிட்டு அதுவா இறங்கிப் போயிடும். விட்டுடணும்."

"எச்சில் முழுங்கணும்போல இருந்தா?"

"ஒரே ஒரு தடவ முழுங்கலாம். அப்புறம் அதுவும் தோணாதாம்."

"நான் கூப்பிட்டா?"

துவைத்த துணிகளை இருவருமாக மடித்துக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு இது. படுக்கை விரிப்பின் இரண்டு முனைகள் அவர் கையில் இருந்தன, இரண்டு என் கையில். என் கணவர் எதற்கும் யோசித்துப் பதில் சொல்கிற ஆள் இல்லை. அன்று விரிப்பைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கூப்பிடாம இருந்தா நல்லது" என்றார்.

என் பக்கத்து முனைகள் இரண்டும் தரையில் விழுந்தன. "கை வழுக்கிடுச்சு" என்றேன். அவர் நம்பிவிட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய வலது காலைப் பற்றிச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். இவர் பக்கத்து இருக்கையில், தன் காலுக்கடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி உட்கார்ந்திருப்பார். ஊரில் பாதிப் பேர் எதிலும் மோதாமல் வண்டி ஓட்டக் கற்றது அந்தக் காலால்தான். ஆனால் அந்தக் காலுக்கு வேலை நேரம், வீட்டு நேரம் என்று வித்தியாசம் தெரியாது. டிவியில் கார் வேகமாக வந்தால் சோஃபாவில் உட்கார்ந்தபடியே மிதிப்பார். யாராவது மாடிப்படியில் தடதடவென்று இறங்கினால் மிதிப்பார். தூக்கத்திலும் மிதிப்பார். தூக்கத்தில் பிரேக் இருக்கவேண்டிய இடத்தில் என் கெண்டைக்கால் இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து என் காலில் எப்போதும் ஏதாவது ஓரிடத்தில் நீலம் பாய்ந்திருக்கும். நடுவில் தலையணை வைத்துப் பார்த்தேன்; தலையணை கிழிந்தது. தலைமாடு கால்மாடு மாற்றிப் படுத்துப் பார்த்தேன், விலாவில் விழுந்தது. சிரித்துச் சமாளித்தேன், அழுதும் பார்த்தேன். மகள் வெளியூர் ஹாஸ்டலுக்குப் படிக்கப் போனபிறகு ஒருநாள் அவர் போட்ட பிரேக்கில் நான் கட்டிலிலிருந்து கீழேயே விழுந்தேன். மறுநாள் காலையில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நாளைக்கு அவ ரூம்ல படுத்துக்கறேன்" என்றேன்.

"சரி" என்றார்.

எதுக்கு என்று கேட்டிருக்கலாம். வேண்டாம் என்றிருக்கலாம். குறைந்தபட்சம் ஒரு பெருமூச்சு விட்டிருக்கலாம். டீ வேணுமா என்றால் சொல்கிற அதே "சரி."

அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. திரும்பி வரட்டுமா என்று கேட்க எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அது தினமும் சாயங்காலம் தொண்டைவரை வரும். வாயைத் திறந்தால், "பால் தீர்ந்துடுச்சு" என்று வெளியே வரும். அவரும் நல்ல மனிதராகப் போய்ப் பால் வாங்கி வருவார். எங்கள் வீட்டில் எப்போதும் தேவைக்கு மேல் பால் இருந்தது.

இந்த நிலையில்தான் அவர் மெத்தைக் கடை மாடியில் நடக்கும் வகுப்புக்குப் போக ஆரம்பித்தார். நடத்துபவர் முன்பு நீச்சல் கற்றுக்கொடுத்தவர். காதில் ஏதோ கோளாறு வந்து தண்ணீரில் இறங்கக்கூடாது என்று ஆகிவிட்டதால், மனிதர்களை வேறு எதிலாவது மிதக்கவைக்கலாம் என்று இறங்கிவிட்டார். எல்லாரும் அவரை நீச்சல் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அங்கே சொல்லித்தருவது தியானம், ஆனால் உட்கார்ந்து செய்கிற தியானம் இல்லை. மல்லாந்து படுத்து, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, ஒரு விரல்கூட அசைக்காமல் கிடப்பது. கிடந்துகொண்டே, உடம்பை விட்டு வெளியே போவது.

"உடம்பு சும்மா விடாது" என்று கணவர் எனக்கு விளக்கினார். "அது நம்மளச் சோதிக்கும். 'முழிச்சிருக்கியா?'ன்னு கேக்கறதுக்காக மூக்குல ஒரு அரிப்ப அனுப்பும். சொறிஞ்சா, ஆமா முழிச்சிருக்கேன்னு பதில் சொன்ன மாதிரி. பதிலே சொல்லாம கிடந்தா, சரி, இவன் தூங்கிட்டான்னு நெனச்சு அது தூங்கிடும். கை கால் எல்லாம் இரும்பு மாதிரி கனக்கும். காதுக்குள்ள ஒரு இரைச்சல் வரும். அப்ப மனசு மட்டும் முழிச்சிருந்தா, மெதுவா நழுவிடலாம்."

"நழுவி எங்க போறது?"

"முதல்லயே தூரமா போகக்கூடாதாம். கூரை வரைக்கும் போதும். அது பழகினதும் பக்கத்து ரூம்."

பக்கத்து ரூமில்தான் நான் படுக்கிறேன். அங்கே வருவதற்கு எதற்கு இவ்வளவு பாடு, காலால் நடந்து வந்தாலே போதுமே என்று கேட்க நினைத்தேன். பால் தீர்ந்துவிட்டது என்றேன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது எங்கள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டிலில் மல்லாந்து கிடந்தார். முழங்காலுக்கு அடியில் என் தலையணை. அது என் தலையணை என்பதைக்கூடப் பிறகுதான் கவனித்தேன். முதலில் பார்த்தது அந்த வலது காலை. அது அசையவில்லை. வெளியே தெருவில் ஒரு லாரி கிறீச்சென்று நின்றது. அந்தச் சத்தத்துக்கும் அசையவில்லை.

அசையாமல் இருப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் ஸ்கேன் சென்டரில் வேலை செய்கிறேன். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஆட்களைப் படுக்கவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கில் "அசையாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று சொல்வது என் பிழைப்பு. அசைந்தால் படம் கலங்கிவிடும். நல்லவர், கெட்டவர், பணக்காரர், பலசாலி எல்லாரும் அசைவார்கள். இருமுவார்கள், தோளை இறக்குவார்கள், கட்டைவிரலை ஆட்டுவார்கள். கொஞ்சமும் அசையாதவர்கள் இரண்டே வகை. ஒன்று, தூங்கிவிட்டவர்கள். இன்னொன்று, மிகவும் பயப்படுகிறார்கள் என்று துணைக்கு வீட்டு ஆளை உள்ளே அனுமதிப்போமே, அவர்கள். அந்த வீட்டு ஆள் குழாயின் வாய்க்கு அருகே நின்று, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதத்தைப் பிடித்துக்கொள்வார். அதுவரை துடித்துக்கொண்டிருந்த உடம்பு அப்படியே அடங்கும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருந்தது: தனக்கு வேண்டிய ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒழிய, விழித்திருக்கும் மனித உடம்பு அடங்காது.

அப்படியென்றால் இந்தக் கால் யார் பக்கத்தில் இருந்து அடங்கக் கற்றுக்கொண்டது? நாள் முழுக்க ஊராரை அசையாமல் படுக்கவைப்பவள் நான். என் வீட்டுக் காலை இன்னொருவர் அடக்கியிருக்கிறார்.

சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டேன். "அங்க எல்லாரும் படுத்துட்டா, யாராவது வந்து பொருளத் தூக்கிட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?"

"அதெல்லாம் போகாது. காவல் இருப்பாங்க. படுக்கற ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஒருத்தர் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கணும். வீட்டப் பார்த்துக்க ஆள் இருந்தாத்தானே தைரியமா வெளியூர் போக முடியும்?"

"உங்களுக்கு யாரு காவல்?"

"மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கறவங்க. கடைத்தெரு முனையில."

"ஆம்பளையா, பொம்பளையா?"

அவர் சிரித்தார். "உடம்பையே விட்டுட்டுப் போறோம். அங்க ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?"

"போறவருக்கு இல்ல. உட்கார்ந்திருக்கறவங்க உடம்போடதானே உட்கார்ந்திருக்காங்க?"

அவர் வலது கால் மேசைக்கடியில் ஒருமுறை மிதித்தது. பெண்தான் என்று தெரிந்துவிட்டது.

மகளிடம் போனில் புலம்பினேன். அவள் ஹாஸ்டலில் எதையோ மென்றுகொண்டே கேட்டாள்.

"அம்மா, அப்பா உடம்ப விட்டுட்டுப் போனா போகட்டுமே. உடம்பு நம்மகிட்டதானே இருக்கு?"

"இல்லடி. அந்த நேரத்துல உடம்பு அவகிட்ட இருக்கு."

"சும்மா பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அவ்வளவுதானே?"

"உங்கப்பா மூஞ்சிய நான் சும்மா பார்த்துக்கிட்டு உட்கார்ந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

மெல்லும் சத்தம் நின்றது. "நீ இன்னும் என் ரூம்லதான் படுத்திருக்கியா?" என்றாள். சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த விடுப்பு நாளில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண் எரிகிறது, பரிசோதிக்கவேண்டும் என்றேன். அது பொய்யும் இல்லை. அவள் என்னை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, கனமான ஒரு சட்டத்தை மூக்கில் மாட்டி, அதில் வட்டவட்டமான வில்லைகளைப் போட்டு எடுத்தாள். வெகு அருகில் குனிந்து என் கண்ணுக்குள் பார்த்தாள். அழகி என்று சொல்லமுடியாது. ஆனால் பார்க்கத் தெரிந்தவள். யாரையாவது பார்த்தால் வேறு எங்கும் பார்வை போகாது. இப்படித்தானே அங்கேயும் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அசையாதீங்க அக்கா" என்றாள்.

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அது நான் சொல்லும் வார்த்தை. அதற்கும் மேல் அந்த "அக்கா." அவள்தான் மூத்தவள் என்று அவள் கழுத்தே சொன்னது.

"கிட்டப் பார்வை கொஞ்சம் குறைஞ்சிருக்கு. தூரத்துல இருக்கறதெல்லாம் நல்லாத் தெரியுது உங்களுக்கு" என்று சட்டத்தைக் கழற்றினாள். பிறகு சாதாரணமாக, "பிரேக் சார் நல்லா இருக்காரா?" என்றாள்.

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான். நீங்க உள்ள வந்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். அவர் போன்ல உங்க போட்டோதானே வச்சிருக்கார்."

என் கணவருக்கு எனக்குத் தெரியாமல் ஒரு பெயர் இருக்கிறது. அதை எனக்கு இவள் சொல்கிறாள். என் போட்டோவை அவர் போனில் வைத்திருக்கிறார் என்பதில் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். எனக்குத் தோன்றியதோ, போனை இவளிடம் எதற்குக் காட்டினார், எவ்வளவு பக்கத்தில் நின்று காட்டினார் என்பதுதான்.

"பிரேக்குன்னு யார் வச்சது?"

"நான்தான்" என்று சிரித்தாள். "ஆரம்பத்துல உதை தாங்கலக்கா. காவல் உட்கார்ந்த ஸ்டூலை எத்தன தடவ தட்டிவிட்டிருக்கார்! இப்ப பாருங்க, தூண் மாதிரி கிடக்கறார். நீங்களும் ஒருநாள் வாங்களேன்."

கண்ணாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் நீச்சல் மாஸ்டரின் வகுப்புக்குப் போனேன். கணவரிடம் சொல்லவில்லை.

வேண்டுமென்றேதான் தாமதமாகப் போனேன். கீழே கடையில் புது மெத்தைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். படி முழுக்கப் புது ரப்பர் நுரையின் வாசனை. மாடியில் ஒரு நீளமான கூடம். தடித்த திரைகள் போட்டிருந்தார்கள். வரிசையாக மெல்லிய மெத்தைகள், ஒவ்வொன்றிலும் கண்மேல் கறுப்புத் துணி போட்ட ஓர் ஆள், பக்கத்தில் ஒரு ஸ்டூலில் காவல். என் கணவர் ஜன்னலோரத்தில் இருந்தார். அவர் பக்கத்தில் அவள்.

நீச்சல் மாஸ்டர் பூனைபோல என்னிடம் வந்தார். பருத்த உடம்பு, காதில் பஞ்சு. "புதுசா?" என்று கிசுகிசுத்தார். "புதுசா வர்றவங்க முதல்ல படுக்கக்கூடாது. காவல்தான் இருக்கணும். அசையாம இருக்கறத முதல்ல கண்ணால கத்துக்கணும். மூணே விஷயம். தொடக்கூடாது. கூப்பிடக்கூடாது. எழுந்து போகக்கூடாது."

கண்ணாடிக்காரி என்னைப் பார்த்ததும் முகம் மலர எழுந்துவிட்டாள். வாய் திறக்காமல் ஸ்டூலைக் காட்டினாள். பிறகு என் காதருகே குனிந்து, "நல்ல வேளைக்கா. எனக்குப் படுக்கறதுக்கு விடிவு வந்துச்சு. நான் படுத்தா குறட்டை விடறேன்னு மாஸ்டர் என்னக் காவலுக்கே போட்டு வச்சிருக்கார்" என்றாள். காலியாக இருந்த ஒரு மெத்தையில் போய்ப் படுத்தாள். சொன்னதுபோலவே சற்று நேரத்தில் குறட்டை வந்தது.

நான் உட்கார்ந்தேன். ஆள் மாறியது அவருக்குத் தெரியாது.

முதலில் தொழில் புத்திதான் வந்தது. எங்கே அசைகிறார் என்று பார்த்தேன். தொண்டைக்குழி, நாசி, கட்டைவிரல். எதுவுமில்லை. வயிறு மட்டும் மிக மெதுவாக ஏறி இறங்கியது. மாஸ்டரின் குரல் எங்கிருந்தோ வந்தது. "கரையைப் பிடிச்சிருக்கற கைய விட்டுடுங்க. நீங்க மிதக்கவேண்டாம். தண்ணி பார்த்துக்கும்."

பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். துணிக்குக் கீழே மூக்கு, மீசை, தாடை. காதோரத்தில் இவ்வளவு நரைத்துவிட்டதா? உதட்டோரத்தில் சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்ட சின்னக் கீறல். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். வாரத்தில் இத்தனை சாயங்காலம், எதுவும் பேசவேண்டிய அவசியமே இல்லாமல், பால் வாங்கி வரச் சொல்லாமல், இந்த முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறாள். என் வீட்டுக்குள் இருந்த ஒன்றை வேறொருத்தியின் ஸ்டூலில் உட்கார்ந்து நான் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் மூச்சு மாறியது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி நீண்டது. முகத்தில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்து கீழே இறங்கியது. தூங்குகிறவர்களின் முகம் எனக்குத் தெரியும்; இது அது இல்லை. எல்லா விளக்கையும் அணைத்து, ஜன்னலைச் சாத்தி, வாசல் கதவை மெதுவாக இழுத்துப் பூட்டிக்கொண்டு ஒருவர் கிளம்பிவிட்டதுபோல இருந்தது. கண்ணாடிக்காரியின் மேல் இருந்த பொறாமை அந்த நேரத்தில் எனக்குச் சின்னதாகிவிட்டது. அவளாவது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இவர் போகிற இடத்துக்கு முகமே கிடையாது. அங்கே போய் நான் யாரிடம் சண்டை போடுவது? நான் இல்லாத ஓரிடம், நான் தேவைப்படாத ஓரிடம் இவருக்கு இவ்வளவு இதமாக இருக்கிறதே!

ஸ்கேன் முடிந்ததும் நான் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. உள்ளே போய், வெளியே நீட்டியிருக்கும் பாதத்தை இரண்டு தட்டு தட்டுவேன். என் கை அதைத்தான் செய்தது. அவருடைய வலது பாதத்தை இரண்டு தட்டு தட்டி, மைக்கில் பேசும் குரலில், உரக்கச் சொன்னேன்:

"முடிஞ்சுது. எழுந்திரிங்க."

அவர் பிரேக் போட்டார்.

தட்டுவதற்காக நான் குனிந்திருந்தேன். குதிகால் நேராக என் தாடையில் இறங்கியது. ஸ்டூலோடு பின்னால் விழுந்தேன். கூடத்தில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். "கூரையத் தொட்டுட்டேனேய்யா! இப்பத்தானே தொட்டேன்!" என்று ஒருவர் கத்தினார். கண்ணாடிக்காரி மட்டும் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நீச்சல் மாஸ்டர் காதிலிருந்த பஞ்சை எடுத்து என் உதட்டு ரத்தத்தைத் துடைக்க வந்தார். நான் வேண்டாம் என்று கையாட்டினேன்.

கணவர் கண் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னைப் பார்த்தார். "நெனச்சேன்" என்றார்.

கீழே மெத்தைக் கடைக்காரர் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். கணவர் டிரைவிங் ஸ்கூல் காரில்தான் வந்திருந்தார். என்னை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசல்வரை ஓட்டினார். இன்ஜினை நிறுத்தினார். இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. ஐஸ் கரைந்து முழங்கைவரை வழிந்தது.

"ரொம்ப வலிக்குதா?"

"கோவத்த முதல்ல கொட்டுங்க. வலிய அப்புறம் விசாரிக்கலாம்."

"கோவம்தான். இத்தன மாசமா இன்னிக்குத்தான் கிளம்பினேன்."

"போயிட்டீங்களா?"

"தெரியல. லேசாயிடுச்சு. மேல இருந்து உன் வகிடு தெரிஞ்சுது."

"கண்ணத் துணி மூடியிருந்துச்சே."

"அதத்தான் சொல்றேன்."

"என் கையில எப்பவும் ஸ்கேன் ரூம் மருந்து வாசனை இருக்கும். அத மோந்து கண்டுபிடிச்சிருப்பீங்க."

"இருக்கும்" என்றார். சண்டைக்கு வரவில்லை. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"நான்தான்னு தெரிஞ்சதும் என்ன பண்ணினீங்க?"

"பயந்துட்டேன்."

"அவ உட்கார்ந்திருக்கறப்ப பயம் வரலையாக்கும்?"

"அந்தம்மாவுக்கு நான் ஒரு உடம்பு, அவ்வளவுதான். உதைச்சா ஸ்டூலத் தள்ளிப் போட்டு உட்காருவாங்க." தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ ரூமையே மாத்திட்ட."

"நானா மாத்தினேன்? நீங்கதானே சரின்னீங்க! வாயத் திறந்து போகாதேன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"உன் காலு நீலமா இருந்துச்சு. உதைக்கறவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போகாதேன்னு சொல்லுவான்?"

காரின் கூரையில் ஏதோ காய்ந்த இலை விழுந்து உருண்டது. நான் ஐஸ் துணியைத் தாடையிலிருந்து எடுத்தேன்.

"அப்ப இதெல்லாம் எனக்காகவா கத்துக்கிட்டீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். அவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"ஆரம்பத்துல அதுக்குத்தான் போனேன். காலு நின்னாப் போதும்னு. அப்புறம் அது பிடிச்சுப் போச்சு. நாள் முழுக்க யார் எங்க மோதுவாங்களோன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். அங்க படுத்தா யாரும் எதுலயும் மோதமாட்டாங்க. இப்ப எனக்காகவும்தான் போறேன். பொய் சொல்லல."

அந்த "எனக்காகவும்" சுருக்கென்று தைத்தது. நான் நுழையமுடியாத ஓரிடம் அவருக்கு இனியும் இருக்கத்தான் போகிறது. நாளைக்கும் அவர் அந்த மாடிக்குப் போவார். நாளைக்கும் எனக்கு வயிறு எரியும். அது தெரிந்துதான் அடுத்ததைக் கேட்டேன்.

"சரி. காலுதான் நின்னுடுச்சே. அப்புறமும் ஏன் என்னக் கூப்பிடல?"

"முழிச்சிருக்கறப்ப நிக்குது. தூக்கத்துல நிக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" தலையைக் குனிந்துகொண்டு தன் வலது காலைப் பார்த்தார். ஊராரை எல்லாம் காப்பாற்றிய கால், காலணிக்குள் ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது. "பக்கத்துல யாராவது படுத்திருந்தாத்தானே தெரியும்?"

வாயைத் திறக்கவே வலித்தது. உதடு வீங்கியிருந்தது. இவ்வளவு காலம் சரியாக இருந்த வாயால் சொல்லாததை, இந்த வாயால் சொல்லவேண்டியிருந்தது.

"நீங்க உதைச்சாலும் பரவாயில்ல" என்றேன். "நான் நம்ம ரூமுக்கே திரும்பி வந்து படுத்துக்கட்டுமா?"